'மேனுவல் 90% முடிஞ்சுது!' - நிஜமாவே முடிஞ்சுதானு கண்டுபிடிப்பது எப்படி?

பண்ருட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டுற நேரம். கெட்டிமேளச் சத்தத்துக்கு நடுவுல என் மாமா ஒரு காதைப் பொத்திக்கிட்டு, இன்னொரு காதுல ஃபோனை வெச்சுக் கத்திக்கிட்டு இருந்தார்.

"கண்ணாடிக் குழாயில தண்ணி தெரியுதா, இல்லையா... அதைச் சொல்லுடா முதல்ல!"

மாமாவுக்கு காடாம்புலியூர் பக்கம் ஒரு சின்ன முந்திரிக் கொட்டகை இருக்கு. கொட்டையை ஆவியில வேகவைக்க ஒரு பேபி பாய்லர், பருப்பைக் காயவைக்க ஒரு டிரையர், உடைக்கவும் தோல் உரிக்கவும் தரம் பிரிக்கவும் பக்கத்து ஊர் அக்காக்கள். பாய்லரைப் பல வருஷமா ஒரே அண்ணன்தான் பார்த்துக்கிறார். அன்னிக்கு அவர் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில். பாய்லர் பக்கத்துல நின்னது, வேலைக்குச் சேர்ந்து மூணே வாரமான ஒரு பையன்.

"தண்ணி தெரியலண்ணே... பம்ப்பைப் போட்டு ஏத்திடவா?"

மாமா முகம் வெளுத்துப்போச்சு. "தொடாத! முதல்ல நெருப்பை இழு. வெளிய வா. எல்லாரையும் வெளிய கூப்பிடு!"

தண்ணி இல்லாமல் காய்ந்து சூடேறிய பாய்லருக்குள் பச்சைத் தண்ணீரை விட்டால், அது ஒரே நொடியில் ஆவியாக மாறும். அந்த அழுத்தத்தில் பாய்லர் வெடிக்கலாம். பாய்லர் அண்ணனுக்கு அது தெரியும். மாமாவுக்கும் தெரியும். பையனுக்கு யாரும் சொல்லலை. அவனைத் தனியா அங்க நிறுத்தினதே தப்பு. அன்னிக்கு ஃபோன் எடுத்ததால் ஒண்ணும் ஆகலை. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபோது மாமா என்கிட்ட சொன்னார்: "பாப்பா, நீ கம்ப்யூட்டர் படிச்சவ. எல்லாத்தையும் ஒரு புஸ்தகமா எழுதிக் குடுத்துரு."

இந்த வசனம் உங்களுக்கும் புதுசா இருக்காது. ஆபீஸ், கடை, கிளினிக், ஒர்க்‌ஷாப் எதுவாக இருந்தாலும், 'எஸ்.ஓ.பி எழுதணும்', 'மேனுவல் போடணும்' என்ற வேலை கடைசியில் அங்கே இருப்பதிலேயே சின்னவர் தலையில்தான் வந்து விழும். எழுதுவதைவிடக் கஷ்டமான கேள்வி அடுத்த வாரமே வரும்: "எவ்ளோ முடிஞ்சிருக்கு?"

அந்தக் கேள்விக்கு நான் ரெண்டு மாசம் தப்பாப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

46 பக்கம் எழுதினேன். ஒரு தட்டு கருகிப்போச்சு!

முதல் மாசம் வெறியா எழுதினேன். மொத்தம் 50 பக்கம் வரும்னு ஒரு கணக்கு. 46 பக்கம் முடிச்சதும் மாமாவுக்கு மெசேஜ் தட்டினேன்: '92% ஓவர்'. அவரும் கட்டைவிரல் எமோஜி அனுப்பினார். ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பிளாஸ்டிக் அட்டை வெச்சு, கொட்டகை ஆபீஸ் ரூம்ல ஆணியடிச்சு மாட்டியாச்சு.

அடுத்த வாரம் டிரையர் பார்க்கிற அக்கா லீவ். வேற ஒரு அக்கா மேனுவலைப் பார்த்து வேலையில் இறங்கினாங்க. அதுல நான் எழுதியிருந்த வரி இது: 'போதுமான அளவு சூடேறியதும் தட்டுகளை மேலும் கீழும் மாற்றவும்.'

சாயங்காலம் அடித்தட்டுப் பருப்பு பூரா கருகல். முழுப் பருப்பா, நல்ல விலைக்குப் போக வேண்டிய சரக்கு. அந்த அக்கா என்கிட்ட கோபப்படலை. ஒரே கேள்விதான் கேட்டாங்க.

"போதுமான அளவுன்னா எவ்ளோ பாப்பா?"

எனக்குத் தெரியலை. ஏன்னா நான் டிரையர் பக்கத்துல நின்னே எழுதலை. ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்து, மாமா வாயால சொன்னதை அழகான தமிழ்ல டைப் பண்ணியிருந்தேன். வழக்கமா டிரையர் பார்க்கிற அக்காவுக்கு முள் எங்கே நிக்கணும், வாசனை எப்படி மாறணும், எத்தனை மணிக்கு ஒருமுறை தட்டு மாத்தணும்னு எல்லாம் கைப்பழக்கம். அந்தக் கைப்பழக்கத்துல ஒரு துளிகூட என் 46 பக்கத்துல இல்லை.

பக்கத்தை எண்ணினா, நான் டைப் பண்ணினது எவ்ளோனு மட்டும்தான் தெரியும். வேலை தெரியாத ஒருத்தர் அந்தப் பக்கத்தை வெச்சு வேலையை முடிச்சாரா என்பதைத்தான் எண்ணணும். அந்தக் கணக்குப்படி அன்னிக்கு எங்க மேனுவல் 92% இல்லை. பூஜ்யம்.

நெய்வேலிக்காரங்களுக்கு இது வெறும் பேப்பர் வேலை இல்லை

காடாம்புலியூரில் இருந்து வடலூர் ரோட்டில் போனால் நெய்வேலி. 1956-ல் தொடங்கிய என்.எல்.சி நிறுவனத்தின் சுரங்கங்களும் அனல் மின் நிலையங்களும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களோடு கலந்தவை. நிரந்தரத் தொழிலாளியோ, ஒப்பந்தத் தொழிலாளியோ, தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் அங்கே வேலை பார்த்திருப்பாங்க.

2020-ம் ஆண்டை இங்கே யாரும் மறக்கலை. மே 7 அன்று இரண்டாவது அனல் மின் நிலையத்தில் ஆறாவது யூனிட்டின் பாய்லரில் விபத்து. படுகாயமடைந்தவர்களில் 5 பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில் மறுபடியும் விபத்து. 6 பேர் அங்கேயே உயிரிழந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறக்க, அந்த விபத்தின் பலி எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள்.

யார் தப்பு என்று தீர்ப்பு சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அதற்கு விசாரணைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் விசாரித்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் வேறு. பெரிய பாய்லரோ, பேபி பாய்லரோ, 'எந்த நிலையில் இயந்திரத்தைத் தொடக் கூடாது' என்ற ஒரு வரி, அதைத் தொடப்போகும் ஆளின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

பேப்பர் இருந்தும் போய்ச் சேராததற்கு உலகத்திலேயே கொடுமையான உதாரணம் வட கடலில் நடந்தது. 1988 ஜூலை 6. பிரிட்டனின் 'பைப்பர் ஆல்ஃபா' எண்ணெய் எரிவாயு மேடை. அங்கே ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகப் பகலில் கழற்றியிருந்தார்கள். அதற்கான அனுமதிச் சீட்டும் முறையாக எழுதப்பட்டிருந்தது. ஆனால், இரவு ஷிஃப்ட்டில் வந்தவர்களுக்கு வால்வு கழற்றியிருக்கிற விஷயம் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோக, இதை ஓடவிட்டார்கள். எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

சீட்டு எழுதியிருந்ததா? எழுதியிருந்தது. 'ஆவணம் தயாரா?'னு கேட்டிருந்தால் அன்று மாலைவரை '100%'தான் பதில்.

ஒரே பேப்பர்... ரெண்டு ரிசல்ட்!

இன்னொரு கதை ஆஸ்பத்திரியில் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்காக 19 வரிகளில் ஒரு செக்லிஸ்ட் வெளியிட்டது. மயக்க மருந்து தருவதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன் என மூன்று இடங்களில் நிறுத்தி, சத்தமாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இவர்தான் நோயாளியா? எந்தப் பக்கம் ஆபரேஷன்? பஞ்சு, கருவி எண்ணிக்கை சரியா? அவ்வளவுதான்.

டெல்லி உட்பட 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அமெரிக்க வாழ் இந்திய வம்சாவளி மருத்துவர் அதுல் கவாண்டே தலைமையிலான குழு 2009-ல் முடிவை வெளியிட்டது. இறப்பு விகிதம் 1.5 சதவிகிதத்தில் இருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய பாதி!

உடனே பல நாடுகள் இதைக் கட்டாயமாக்கின. கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் அதில் ஒன்று. அங்கே 101 மருத்துவமனைகளில் செக்லிஸ்ட் வருவதற்கு முன்னும் பின்னும் என்ன ஆனது என்று ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். 'நாங்கள் கிட்டத்தட்ட எல்லா ஆபரேஷனிலும் பயன்படுத்துகிறோம்' என்றுதான் மருத்துவமனைகள் கணக்குக் கொடுத்திருந்தன. ஆனால், இறப்பு விகிதத்தில் குறிப்பிட்டுச் சொல்லும்படி மாற்றம் எதுவும் இல்லை.

ஏன் என்று நிபுணர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அதில் முக்கியமாகச் சொல்லப்படும் ஒரு காரணம், நமக்கெல்லாம் ரொம்பப் பழக்கமானது: டிக் அடிப்பது வேறு, நின்னு கேட்பது வேறு. மேலே இருந்து 'கட்டாயம்' என்று வந்த பேப்பரில் டிக் விழும். வேலை செய்கிறவர்கள் சேர்ந்து பழகி, தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்ட பேப்பர்தான் வேலை செய்யும்.

நம்ம ஊரிலேயே இதை அழகாகச் செய்து காட்டியவர்கள் உண்டு. அரசுப் பணியில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மெக்டொனால்ட்ஸ் கடையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி வேலை நடப்பதைப் பார்த்து, 'கண் சிகிச்சையை ஏன் இப்படிக் கொடுக்க முடியாது?' என்று யோசித்தவர் அவர். அங்கே ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்து பக்கத்தில் மேஜைகள். ஒன்றில் டாக்டர் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே, அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயார். தயார்படுத்துவது கிராமங்களில் இருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள். யார், எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்திருந்தால் இது நடக்குமா? 1992-ல் தொடங்கிய தங்கள் பயிற்சி நிறுவனமான லைகோ மூலம் மற்ற மருத்துவமனைகளுக்கும் இந்த முறையைக் கற்றுத் தருகிறார்கள். வேற ஊர், வேற ஆள் கையில் போயும் ஒரு வேலை அதே மாதிரி நடந்தால்தான், அந்த முறை நிஜமாகவே 'எழுதி முடிக்கப்பட்டது' என்று அர்த்தம்.

சரி... எப்படித்தான் டிராக் பண்றது?

கருகின பருப்புக்குப் பிறகு நாங்க பழைய கணக்கை அழிச்சிட்டோம். ஃபோன்ல ஒரு ஷீட், கொட்டகைச் சுவர்ல ஒரு சார்ட். ரெண்டுலயும் ஒரே கட்டம்தான். உங்க ஆபீஸுக்கும் இது அப்படியே செட் ஆகும்.

1. பக்கத்தை விடுங்க... வேலையை எண்ணுங்க

முதல்ல ஒரு முழு லிஸ்ட். 'டிரையர்'னு எழுதாதீங்க. அது ஒரு இயந்திரத்தோட பேர். 'காலையில் டிரையரைச் சூடேத்துறது', 'தட்டு மாத்துறது', 'கரன்ட் போனா என்ன பண்றது' - இதெல்லாம் வேலைகள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கணும். எங்களுக்கு 24 வேலைகள் வந்தது. மாமா 'பத்து இருக்கும்'னு நினைச்சுக்கிட்டு இருந்தார்.

2. ரெண்டு கேள்வி கேட்டு வரிசைப்படுத்துங்க

ஒண்ணு: 'இது எத்தனை பேருக்குத் தெரியும்?' ரெண்டு: 'தப்பாச் செஞ்சா என்ன ஆகும்? ஆளுக்கு அடிபடுமா, சரக்கு போகுமா, நேரம் மட்டும் வீணாகுமா?'

ஒரே ஒருத்தருக்கு மட்டும் தெரியும், தப்பானா அடிபடும் - இந்த ரெண்டும் சேர்ந்த வேலைதான் முதல்ல. நான் முதல் தடவை எழுதினப்போ எதுல தொடங்கினேன் தெரியுமா? 'வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் முறை'. ஈஸியா இருந்தது, அதான். ஈஸியானதை முதல்ல முடிச்சா சதவிகிதம் சரசரன்னு ஏறும். ஆபத்தானது கடைசிவரை அப்படியே கிடக்கும்.

3. ஒவ்வொரு வேலைக்கும் 0 முதல் 5 வரை படி

0 - ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருக்கு.

1 - பதிவு பண்ணியாச்சு. அவர் வேலை செய்யும்போதே பக்கத்துல நின்னு ஃபோன்ல வீடியோ, வாய்ஸ்.

2 - எழுதியாச்சு.

3 - அந்த வேலையைத் தினமும் செய்றவர் படிச்சு (அல்லது படிக்கக் கேட்டு) திருத்தியாச்சு.

4 - அந்த வேலையைச் செஞ்சே பார்க்காத ஒருத்தர், பக்கத்தை மட்டும் வெச்சு முடிச்சாச்சு.

5 - வேலை நடக்குற இடத்துலயே ஒட்டியாச்சு. மறுபடி எப்போ சரிபார்க்கணும்கிற தேதியும் போட்டாச்சு.

4-வது படிதான் பரீட்சை. தெரிஞ்சவர் பக்கத்துலயே நிக்கணும். ஆனா கையைக் கட்டிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு! புது ஆள் எங்கே தயங்கி நிக்கிறாரோ அங்கே ஒரு பென்சில் கோடு. ஆபத்து வர்ற மாதிரி தெரிஞ்சா மட்டும் 'நிறுத்து'னு சொல்லலாம். அப்படிச் சொல்ல வேண்டி வந்தா, அந்தப் பக்கம் திரும்ப 2-வது படிக்குப் போயிடும்.

ஒரு எச்சரிக்கை. மேனுவல் இருக்குன்னு தகுதியில்லாதவரை ஆபத்தான வேலையில் விடக் கூடாது. பாய்லர், உயர் அழுத்த மின்சாரம் மாதிரியான வேலைகளுக்குச் சட்டப்படி தகுதிச் சான்று வேண்டியிருக்கு. எங்க பாய்லர் பக்கத்தோட முதல் வரி இப்போ இதுதான்: 'சான்று உள்ளவர் இல்லாத நாளில் பற்றவைக்காதே.' ரெண்டாவது வரி: 'கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியவில்லையா? தண்ணீர் விடாதே. நெருப்பை நிறுத்து. வெளியே போ. கூப்பிடு.' அந்தக் கல்யாணத்தன்னிக்கு அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது மொத்தமே இந்த ரெண்டு வரிதான்.

4. பாதி முடிஞ்சதுக்கு மார்க் கிடையாது

'முடிஞ்சது' கணக்குல 4, 5 மட்டும்தான் சேரும். 3-ல நிக்கிறதுக்கு அரை மார்க், 2-ல நிக்கிறதுக்குக் கால் மார்க்னு போட ஆரம்பிச்சா, பழைய 92% வேற வேஷத்துல திரும்ப வந்துடும். புதுக் கணக்கு தொடங்கி ஒரு மாசம் கழிச்சு எங்க ஸ்கோர் 24-க்கு 3. எட்டுல ஒரு பங்கு. மாமாகிட்ட சொல்லவே கூச்சமா இருந்தது. ஆனா அந்த மூணும் நிஜம்.

5. வாரம் 15 நிமிஷம்

சனிக்கிழமை சம்பளம் போடுறதுக்கு முன்னாடி, சார்ட் முன்னாடி எல்லாரும் நிக்கணும். மூணே கேள்வி. இந்த வாரம் எது ஒரு படி ஏறிச்சு? எது ஏறலை, ஏன்? அடுத்த வாரம் எந்த ஒரு வேலையைப் பரீட்சை பண்ணப் போறோம், யார் பண்ணப் போறா? 'எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் பாருங்க'னு சொன்னா யாரும் பார்க்க மாட்டாங்க. வேலைக்கு ஒரு பேர், பேருக்கு ஒரு தேதி.

6. ஃபோன் காலை எண்ணுங்க

இதுதான் மாமாவோட ஐடியா. அவர் இல்லாத நேரத்துல, 'இது எப்படிண்ணே?'னு வர்ற ஒவ்வொரு காலுக்கும் நோட்டுல ஒரு கோடு. எதைப் பத்திக் கேட்டாங்கன்னு ஒரு வார்த்தை. முதல் வாரம் 31 கோடு. எந்தப் பக்கம் எழுதலை, எந்தப் பக்கம் எழுதியும் புரியலைனு அந்த நோட்டு காட்டிக்கொடுத்துடும். ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்ல நாம பொய் சொல்லலாம். அடிக்கிற ஃபோன் பொய் சொல்லாது.

எங்கே மாட்டிக்கும்?

சார்ட்ல பெரும்பாலான வேலைகள் ரெண்டே இடத்துலதான் நகராம நிக்கும். முதலாவது, 0-ல. ஏன்னா, தெரிஞ்சவர் சொல்ல மாட்டார்.

எங்க பாய்லர் அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்ததும், "நாளைக்கு வீடியோ எடுத்துக்கலாம் பாப்பா"னு தள்ளிக்கிட்டே இருந்தார். மூணு வாரம் போச்சு. அப்புறம் டீ குடிக்கும்போது ஒருநாள் வாயைத் திறந்தார். "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எத்தனையோ இடங்கள்ல மேனுவல் எழுதி வாங்கின கையோட ஆளை அனுப்பியிருக்காங்க. 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே'னு வாயால சொன்னா யார் நம்புவா? மாமா ரெண்டு விஷயம் செஞ்சார். அவரோட எல்லாப் பக்கத்துலயும் கீழே 'சொல்லிக் கொடுத்தவர்'னு அவர் பேரைப் போட்டார். புது ஆளுக்குப் பயிற்சி கொடுக்குற நாளுக்குத் தனிப் படி கொடுத்தார். அடுத்த நாளே அண்ணன் அழுத்தமானிக்குப் பக்கத்துல நின்னு, "இந்த முள்ளு இந்தப் பச்சைக் கோட்டைத் தாண்டக் கூடாது, எடுத்துக்க"னு கூப்பிட்டார். உங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் சொல்லாம இழுக்குறார்னா, சோம்பேறின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அவருக்கு என்ன பயம்னு கேளுங்க.

ரெண்டாவதா மாட்டிக்கிறது, 3-க்கும் 4-க்கும் நடுவுல. எழுதினது படிக்கிற மாதிரி இருக்காது. 'மேற்கொள்ளப்பட வேண்டும்', 'உறுதி செய்துகொள்ளவும்', 'தேவையான அளவு' - இதெல்லாம் எழுதினவருக்குக் கௌரவம். படிக்கிறவருக்கு ஒண்ணுமே இல்லை. 'தேவையான அளவு' இருந்த ஒவ்வொரு இடத்துலயும் எண்ணோ, ஃபோட்டோவோ, பெயின்ட் கோடோ வெச்சோம். டிரையர் வெப்பமானியில இப்போ சிவப்பு ஸ்கெட்ச்ல ஒரு கோடு இருக்கு. தரம் பிரிக்கிற மேஜையில 240, 320-னு எழுதின டப்பாக்கள்ல மாதிரிப் பருப்பு இருக்கு. அந்த எண்கள் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு நிக்கும்கிறதைக் காட்டுற தரக் குறியீடு. எண் சின்னதா இருந்தா பருப்பு பெருசு. இதை ரெண்டு பத்தி எழுதி விளக்குறதைவிட, டப்பாவுல நாலு பருப்பைப் போட்டு வெச்சா பார்த்ததும் புரியும்.

படிக்கத் தெரியாத அக்காக்கள் இருந்தா, வாய்ஸ் நோட். ஒடிசா, பீகார்ல இருந்து வந்தவங்க இருந்தா, அவங்க மொழியில ஒரு வரி, கூடவே படம். அந்த மொழிக்காரர் கையில கொடுத்துப் பரீட்சை பண்ணாம 4-னு போடாதீங்க.

"நாங்க ஐ.டி, எங்களுக்கு பாய்லர் எல்லாம் இல்லையே!"

இருக்கு. மாசம் 20-ம் தேதிக்குள்ள ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் பண்றது அக்கவுன்ட்ஸ்ல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியுமா? அதுதான் உங்க பாய்லர். சர்வர் விழுந்தா எந்த வரிசையில எழுப்பணும்னு ஒரு சீனியருக்கு மட்டும் தெரியும், அவர் நோட்டீஸ் பீரியட்ல இருக்கார்னா, அதுவும் பாய்லர்தான். வீட்டுலகூட, தாத்தாவோட மாத்திரை வேளை அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்னா, அம்மா ஊருக்குப் போற அன்னிக்குத் தெரியும் அதோட ஆபத்து. கட்டம் ஒண்ணுதான். வேலையோட பேரை மட்டும் மாத்திக்கோங்க.

இன்னொரு விஷயம். 'மேனுவல் முடிஞ்சுது'னு ஒரு நாள் வரவே வராது. புது டிரையர் வாங்கினா பழைய பக்கம் பொய்யாயிடும். பழைய பக்கம் சுவர்லயே இருந்தா, பக்கமே இல்லாததைவிட அது மோசம். ஏன்னா, அதை நம்பி ஒருத்தர் சுவிட்சைப் போடுவார். அதனாலதான் 5-வது படியில தேதி. தேதி தாண்டின பக்கம் எங்க சார்ட்ல தானாவே 3-க்கு இறங்கிடும். மறுபடி ஒருத்தர் செஞ்சு காட்டினாத்தான் ஏறும்.

போன மாசம் மறுபடி ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மாமா முழு பந்தியும் உட்கார்ந்து சாப்பிட்டார். எங்க ஸ்கோர் அன்னிக்கு 24-க்கு 17, அதாவது 71%. பாயசம் வர்ற நேரத்துல ஒரே ஒரு கால் வந்தது. மழைத்தண்ணி கொட்டகைக்குள்ள ஏறுது, மூட்டையை எங்கே மாத்துறதுன்னு. அது எங்க லிஸ்ட்லயே இல்லை.

மாமா பதில் சொல்லி முடிச்சு, ஃபோனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டே, "பாப்பா, 25-ன்னு ஒண்ணு சேர்த்துக்க"ன்னார். அங்கேயே ஷீட்டைத் திறந்து சேர்த்தேன். 71%, 68% ஆகக் குறைஞ்சுது.

"பரவால்ல, இப்போதான் சரியான கணக்கு"னு சொல்லிட்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்.